புழக்கடைக் கொய்யாவைக் குட்டையாக வளர்க்கலாமே!

கொடுமுடிப் பக்கம் புழக்கடையில் கொய்யா நடுபவர்கள் பெரும்பாலும் அதைப் போன போக்கில் விட்டுவிடுகிறார்கள். மரம் ஓட்டுக்கு மேலே போய்விடுகிறது. உச்சியில் பழுத்தது கிளிக்கும் வௌவாலுக்கும். வீட்டாருக்குக் கிடைப்பது விழுந்து அடிபட்டது. கத்தி பட்டால் காய்ப்பு நின்றுவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். கொய்யாவுக்கு இது பொருந்தாது. புதுத்துளிரில்தான் கொய்யா பூக்கிறது. வெட்டினால்தான் புதுத்துளிர் நிறைய வரும்.

வீட்டுக்கு ஏற்றது கிண்ண வடிவம்தான். கன்று இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, திசைக்கு ஒன்றாக நான்கு பக்கக்கிளைகளை மட்டும் நிறுத்த வேண்டும். நடுவில் வெயில் விழ வேண்டும். நெட்டுக்குத்தாக எழும் கிளையை வெட்ட மனமில்லாதவர்கள் அதை வளைத்து, தரையில் முளையடித்துக் கட்டலாம். கணுவுக்குக் கணு துளிர்க்கும். பிறகு பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் நுனிகளை 10 முதல் 15 செ.மீ. கவாத்து செய்தால் போதும். லக்னோ-49 இரகம் இயல்பிலேயே படர்வதால் வேலை பாதி குறையும்.

காற்றையும் எண்ண வேண்டும். பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றில் நெட்டை மரம் சாய்ந்தால், சுவரும் ஓடும் தப்புவது கடினம்.

ஏற்கெனவே உயர்ந்துவிட்ட கிழமரத்தைத் தோண்டி எறிய வேண்டாம். தரையிலிருந்து 75 செ.மீ. விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கொஞ்ச காலம் பழமிராது. அதற்குச் சம்மதிக்காத பாட்டிமார் உள்ள வீடுகளில், பாதிக் கிளைகளை இவ்வாண்டும் மீதியை அடுத்த ஆண்டும் எடுக்கலாம்.