தனியாப் படிக்கச் சொல்றாங்க

மீத்திறன் மாணவர்களுக்குத் தானே கற்கும் பாடத்திட்டம் தயாரிக்க ஒரு கூட்டம். சேரியில் 15 வருசமாக இரவுப் பாடசாலை நடத்துகிறவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தெரிவு செய்ய விதி ரெண்டு: வகுப்பாசிரியர் பரிந்துரை, 90 சதவீத வருகை.

எங்க தெருவில் ஒருத்தி, ஏழாவது படிக்கிறாள். தை பிறந்தா குடும்பத்தோட செங்கல் சூளைக்குப் போயிருவா, ஆனியிலதான் திரும்புவா. ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, மழையில் கரைஞ்சது எத்தனை, முன்பணத்துக்கு மேஸ்திரி பிடிச்சது எவ்வளவுன்னு மனசுக்குள்ளயே போட்டு, சூளை நோட்டுக் கணக்கைத் தப்புன்னு சொன்னவ. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவள் ‘மெல்லக் கற்போர்’.

வாத்தியார் கை காட்டுற லட்சணம் அமெரிக்காவிலேயே தெரிஞ்சு போச்சு. 1921இல் டெர்மன் என்ற உளவியலாளர் கலிபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைத் தேடினார். ஆசிரியர் பரிந்துரை, அதுக்கு மேல அறிவுச் சோதனை. சேர்ந்த 1500 பேருக்கு மேல் பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். அதில் ஒருவர்கூட நோபல் பரிசு வாங்கவில்லை. சோதனையில் கழித்துவிட்ட ஷாக்லி 1956இலும் அல்வாரெஸ் 1968இலும் வாங்கினார்கள். (அந்த ஷாக்லியே பின்னால கறுப்பருக்கு அறிவு குறைச்சல்னு பேசித் திரிஞ்சது தனிக் கதை.)

2020 தேசியக் கல்விக் கொள்கையும் மீத்திறன் பேசுகிறது. இணையவழி வினாடிவினா, போட்டி, கூடுதல் பாடம் எல்லாம் உண்டாம், வீடுகளிலோ பள்ளிகளிலோ இணையத்தோட கைபேசி வந்த பிறகு. சூளைக் கொட்டகையில் இருப்பது ஒரே கைபேசி. அது மேஸ்திரி கூப்பிட.

தானே கற்பதற்கு நான் எதிரியில்லைங்க. ஆறு மாசம் வாத்தியார் முகமே பார்க்காத அவளுக்குத்தான் அது முதலில் தேவை. பாடம் அச்சில் இருக்கட்டும். விட்ட பக்கத்திலிருந்து தொடர முடியணும். விடை சரியான்னு அவளே பார்த்துக்க வழி வேணும். ஏழாம் வகுப்புக் கணக்கை முடிச்சுட்டா எட்டாவதை உடனே கையில் கொடுக்கணும், பரீட்சை வரட்டும்னு உட்கார வைக்கக் கூடாது. சந்தேகம் தீர்க்க வாரம் ஒருமுறை ஒரு ஆள் சூளைக்கு வரணும். ஆளே இல்லாம விடறதுதான் தானே கற்றல்னா, தனித் தம்ளர், தனிச் சுடுகாடு வரிசையில இதையும் எழுதிக்கங்க.

பிள்ளை சூளைக்கே போகக் கூடாது என்பீர்கள். சரி, முன்பணத்தை யார் கட்டுறது?

இதைக் கூட்டத்தில் சொன்னேன். “இடைநின்றோர் திட்டத்துல பார்த்துக்கலாம்” என்றார் தலைவர். அவள் எங்கய்யா நின்னா? வருகை விதியை அடிச்சுட்டுக் கூப்பிடுங்க, அடுத்த கூட்டத்துக்கு அவளையும் கூட்டிட்டு வர்றேன்.