பாட்டியம்மா, காத்திருக்காதீர்கள்!

பாகூர் ஏரி மதகைப் பார்த்திருப்பீர்கள். திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் பெருகும், இறக்கினால் குறையும். கெட்டிப்பட்ட கரை என்றால் பயமில்லை. நேற்றுப் போட்ட கரையோ, திடீரென்று தண்ணீர் பெருகினால் உடைந்துவிடும்.

சிசுவின் மூளையிலும் இதே கதைதான். அங்கே ரத்தக் குழாயின் உட்சுவரே 'சுருங்கு, விரி' என்று உத்தரவு போடுகிறது. சுருங்கச் சொல்லும் உத்தரவுகளில் ஒன்று எண்டோதீலின் என்ற பெப்டைடு. 21 அமினோ அமிலங்களைக் கோத்த சின்னஞ்சிறு சரம். 1988-ல் ஜப்பானில் யானகிசாவா குழுவினர் பன்றியின் ரத்தக் குழாய் உயிரணுக்களில் இதைக் கண்டுபிடித்தார்கள். பிறந்த பன்றிக்குட்டிகளின் மூளையிலும் இதன் வேலையை ஆராய்ந்திருக்கிறார்கள். விரியச் சொல்வது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிடும் குழந்தைக்கு இந்தக் கட்டுப்பாடு முதிர்ந்திருக்காது. மூளையின் நடுப்பகுதியில் குழாய்ச் சுவர்களும் மிக மெல்லியவை. முதல் மூன்று நாட்களில்தான் அங்கே ரத்தம் கசியும் அபாயம் அதிகம்.

இதற்குக் காப்பு உண்டா? உண்டு. குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் பக்குவப்படும் என்று 1972-ல் நியூஜிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் காட்டினார்கள். மூளையில் ரத்தக் கசிவும் இதனால் குறைகிறது என்பது பிறகு உறுதியாயிற்று. ஆனால் ஊசியைப் பிரசவத்துக்கு முன்பே போட வேண்டும். வேலை செய்ய அதற்கு அவகாசமும் வேண்டும்.

ஆகவே, பாகூரானாலும் வில்லியனூரானாலும், மகளுக்கு ஏழாம் மாதம் வலி எடுத்தால் 'சூட்டு வலிதான்' என்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள், பாட்டியம்மா! உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வெறும் சூட்டு வலியாகவே இருந்தால், திரும்பி வந்து கஷாயத்தை நிதானமாகக் காய்ச்சலாம்!