டான்சிச்சை விற்ற கணக்கு

விடியற்காலையில் எழுந்து என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டம் பார்க்கும் கிறுக்கு எனக்கு உண்டு. டல்லாஸ் மேவரிக்ஸ் அணி மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. 2025 பிப்ரவரியில் 25 வயது லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, 31 வயது ஆண்டனி டேவிஸை வாங்கினார்கள். கூடவே மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ல் புது வீரரை எடுக்கும் முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்று. தடுப்பாட்டம்தான் கோப்பை தரும் என்பது அப்போதைய பொது மேலாளர் நிகோ ஹாரிசனின் வாதம். டேவிஸ் தடுப்பில் சூரர்தான், மறுக்கவில்லை. ஆனால் டல்லாஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறினார். டான்சிச்சோ முந்தைய ஜூனில்தான் அணியை இறுதித் தொடருக்கு இழுத்துப் போயிருந்தார். விற்பதென்றே முடிவானாலும் நாலு அணிகளிடம் விலை கேட்க வேண்டாமா? கறவை மாட்டைக்கூடச் சந்தைக்கு ஓட்டிப்போய்த்தானே பேரம் பேசுவோம்! குறைந்தபட்சம் லேக்கர்ஸின் 2031 தேர்வு உரிமையையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.