மௌசிக்கு ஊசி குத்தினால் யார் பொறுப்பு?

மும்பை மருத்துவமனைகளில் வார்டு வேலை செய்யும் பெண்களை 'மௌசி' என்று அழைக்கிறார்கள். தாயின் உடன்பிறந்தவள் என்று பொருள். தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் சீட்டா கேம்ப்பிலிருந்தும் விடியும் முன்னே புறப்பட்டுப் போகும் நம் தாய்மார்கள் பலர் இந்த மௌசிகள்தாம். உறவு சொல்லி அழைக்கும் நிர்வாகம், அவர்களுக்குக் காயம் பட்டால் மட்டும் அந்த உறவை மறந்துவிடுவது ஏன்?

நம் பகுதிச் சகோதரி ஒருவர், தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தவர். இரவு ஷிப்டில் குப்பைப் பையை அள்ளியபோது, உள்ளே கிடந்த ஊசி விரலில் குத்திவிட்டது. "சோப்புப் போட்டுக் கழுவு, வெளியே சொல்லாதே" என்றார் சூப்பர்வைசர். ஐந்தாம் நாள் அவர் நம் சங்கத்துக்கு அழுதுகொண்டே வந்தார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள், தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்தக் கெடு கடந்து போயிருந்தது. அதன்பின் சோதனைகள் முடியும் வரை அந்தக் குடும்பம் உறங்கவில்லை. நோய் இல்லை என்றே முடிவு வந்தது. அது அவருடைய அதிர்ஷ்டம். மருத்துவமனையின் யோக்கியதை அல்ல. இதற்கிடையில் "இனி வர வேண்டாம்" என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில்தான் போட வேண்டும். குப்பைப் பையில் அல்ல. கழிவை அள்ளுகிறவருக்கு மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் நிர்வாகமே போட வேண்டும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தடுப்பு மருந்து தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. 'எல்லோருக்கும்' என்றால் டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டுமல்ல, துடைப்பம் பிடிப்பவருக்கும்தான்.

"அவள் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்" என்கிறது நிர்வாகம். இ.எஸ்.ஐ. சட்டத்தில் இந்தச் சாக்கு செல்லாது. ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் சந்தா கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளியுடையது. பிறகு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக் கொள்ளலாம். வேலையில் காயம் பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. மருத்துவமனை வேலையால் வரும் தொற்றுநோயும் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

இவை யாரும் போட்ட பிச்சையல்ல. அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1944இல் அடார்க்கர் அறிக்கை வந்தது, 1948இல் இ.எஸ்.ஐ. சட்டமாயிற்று. அது இன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம். உரிமை கரைந்துபோக விடக்கூடாது.

ஆனால் ஒன்றை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். "போகட்டும் அம்மா, வாயைத் திறந்தால் வேலை போய்விடும்" என்று நம்மிலேயே எத்தனை பேர் புத்தி சொல்லியிருக்கிறோம்! அச்சகோதரி வாயைத் திறக்கவில்லை. வேலை போகாமல் இருந்ததா? மௌனம் யாருடைய வேலையையும் காப்பாற்றவில்லை. முதலாளியைத்தான் காப்பாற்றியது.

நம்மில் இரயில்வேயில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். கலாசியின் விரல் நசுங்கினால், 'பணியில் காயம்' என்று எழுதி வாங்காமல் சங்கத்தார் இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். எழுதப்படாத காயம், நிர்வாகத்தின் கணக்கில் படாத காயம். வார்டிலும் இதே வழக்கம் வர வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, ஊசி குத்தினால் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். அந்த மணி நேரத்திலேயே டாக்டரைப் பார்த்து மருந்து கேளுங்கள். விபத்துப் புத்தகத்தில் நாள், நேரம், இடம், பார்த்தவர் பெயர் எல்லாம் பதியச் சொல்லுங்கள். மறுத்தால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாதென்றால் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, அட்டை கைக்கு வந்ததா என்று இந்த மாதமே பாருங்கள். காயம் பட்ட பிறகு அட்டையைத் தேடி அலைய நேரம் இருக்காது.

ஐந்தாம் நாள் வராதீர்கள், அன்றே வாருங்கள். இரவு இரண்டு மணியானாலும் கதவைத் தட்டுங்கள். உங்களோடு அந்த மருத்துவமனை வாசலுக்கு நாம் வருவோம்.