இது வரியன்று, கூலி

மாலை ஏழு மணிக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தருகிலிருந்து கொழும்பு வீதி வழியே நடந்து செல்பவர், கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்குவதையும், பாதி இறங்கிய கதவுகளின் கீழே குனிந்து வெளியேறும் இளைஞரையும் யுவதிகளையும் காண்பார். அவர்களுட் பலர் தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, மடுல்கலை முதலான தோட்டப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். சாதாரண தரப் பரீட்சையோடு நமது வகுப்பறைகளை விட்டு அகன்றவர்கள். பாடசாலை வரவுப் பதிவேட்டில் நாள்தோறும் அவர்களது பெயரை அழைத்த நாம், கடையின் சம்பளப் பதிவேட்டில் அப்பெயர் உண்டா என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

இக்கேள்வியை என்னுள் எழுப்பியவள் எனது பழைய மாணவி ஒருத்தி. நகரத்துப் புடவைக்கடை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் நின்ற காலோடு வேலை செய்தவள். திருமணமாகி வேலையை விட்டதும், தனது சேமலாப நிதியைப் பெறுவதற்காக விண்ணப்பம் நிரப்பித் தருமாறு என்னிடம் வந்தாள். தொழில் அலுவலகத்தில் விசாரித்தபோது, ஒன்பது ஆண்டுகளுள் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கே அவள் பெயரில் பணம் இருந்தது. ஆனால் ஒன்பது ஆண்டுகளும், மாதந்தோறும், அவளது சம்பளத்தில் ‘ஈ.பி.எப்.’ என்று கழிக்கப்பட்டிருந்தது. கேட்கப்போன எங்களிடம் கடைக்காரர் சற்றும் கூசாது சொன்னார்: “சின்னக் கடை, மாஸ்டர். எல்லா வரியையும் கட்டினால் கடையை மூடவேண்டியதுதான்.”

வரி! அந்த ஒரு சொல்லில்தான் இந்த மோசடி முழுவதும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

வரி என்பது அரசு தன் செலவுக்கெனப் பெறுவது. ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் வருமான வரி 2025 ஏப்ரில் முதல் மாதம் 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்திலேயே தொடங்குகிறது. புடவைக்கடைப் பெண்ணுக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. அவளுக்குரியது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டம். அவளது சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளியின் பங்காக நூற்றுக்கு 12. இதனோடு 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் செலுத்தவேண்டிய நூற்றுக்கு 3. இவற்றுள் ஒரு சதமேனும் அரசுக்குரியதன்று. அத்தனையும் அவள் பெயரில் எழுதப்படவேண்டிய, அவள் முதுமையில் கைக்கு வரவேண்டிய கூலி.

கணக்கைப் பார்ப்போம். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. இதில் ஊழியரின் பங்கு 2,400. முதலாளியின் பங்கு 3,600. நம்பிக்கை நிதியம் 900. ஆக மாதம் 6,900 ரூபா, ஆண்டொன்றுக்கு 82,800. வட்டியைச் சேர்க்காமலே பத்து ஆண்டுகளில் 828,000 ரூபா. இதனைச் செலுத்தாத முதலாளி ‘விதி தவறியவர்’ மட்டுந்தானா? மேசை லாச்சியிலிருந்து ஆயிரம் ரூபாவை எடுத்த சிப்பந்தியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் சமுதாயம், சிப்பந்தியின் எட்டு இலட்சத்தை எடுத்தவரைக் கோவில் திருவிழாவில் பொன்னாடை போர்த்தி வரவேற்கிறதே!

இனி அவர்கள் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

‘எங்களுடையது சிறிய வியாபாரம்’ என்பது முதலாவது. சட்டம் சிறிது பெரிது பார்க்கவில்லை. ஒரேயொரு ஊழியர் இருப்பினும் அது பொருந்தும். ‘இன்னும் நிரந்தரமாக்கவில்லை, பழகுகிறான்’ என்பது இரண்டாவது. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்புச் செலுத்தவேண்டும். தற்காலிக ஊழியருக்கும், பயிலுநருக்கும், துண்டுக்கூலிக்கு வேலை செய்பவருக்கும் அவ்வாறே. ‘சாப்பாடு போடுகிறோம், அதனால்தான் சம்பளம் குறைவு’ என்பது மூன்றாவது. முதலாளி வழங்கும் உணவின் பெறுமதியையும் சம்பாத்தியத்தோடு சேர்த்தே பங்களிப்பைக் கணக்கிடவேண்டும் என்பதுதான் சட்டம். ‘அவர்களே கழிக்கவேண்டாம் என்கிறார்கள்’ என்பது நான்காவது. ஊழியர் வேண்டாமென்று கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் முதலாளியின் கடமை நீங்காது. இரு பங்குகளையும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தும் பொறுப்பு அவருடையதே. தவறினால் மிகைக்கட்டணம் நூற்றுக்கு 5இல் தொடங்கி, ஓராண்டு கடந்ததும் நூற்றுக்கு 50 வரை ஏறும். நிலுவையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம் போல அறவிடத் தொழில் ஆணையாளருக்கு அதிகாரமுண்டு.

சிறு வியாபாரியின் இடரை நான் மறுக்கவில்லை. 2022இன் நெருக்கடி அவரையும் வாட்டியது. கடை வாடகை, மின்கட்டணம், வங்கிக் கடன் ஆகியவற்றின் நடுவே அவர் திணறுவது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வாடகையை நிறுத்தினால் கட்டடச் சொந்தக்காரர் பூட்டுப் போடுவார். மின்கட்டணத்தை நிறுத்தினால் விளக்கு அணையும். கடனை நிறுத்தினால் வங்கி ஏலம் கூறும். ஆதலால் அவர்களுக்கெல்லாம் தவணை தவறாது போகிறது. தான் ஒரு கடன்காரருக்குக் கடன் கொடுத்திருப்பதையே அறியாதவர் ஒருவர்தான்: கடை ஊழியர். நெருக்கடி வரும்போதெல்லாம் அவரது முதுமையிலிருந்து கைமாற்று வாங்கப்படுகிறது. மேலேயிருந்து நசுக்கப்படும் சிறு வியாபாரி, தன்னை நசுக்குபவரோடு போரிட அஞ்சித் தனக்குக் கீழேயிருப்பவரை நசுக்குகிறார். அவருக்கு அனுதாபம் காட்டலாம். அவரது களவுக்கு அங்கீகாரம் காட்டலாகாது.

‘கட்டினாலும் அரசாங்கம் விழுங்கிவிடுமே’ என்பது கடைசி நியாயம். இதில் ஓரளவு உண்மையுண்டு என்பதே நமது வேதனை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது வங்கிகளின் பிணைமுறிகளைத் தொடாத அரசு, சேமலாப நிதியத்தின் பிணைமுறிகளை மாற்றிச் சுமையைத் தொழிலாளர் தலையில் இறக்கியது. அரசுக்குச் சொந்தமான ஜனவசமத் தோட்டங்களே சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் ஆண்டுக்கணக்கில் செலுத்தாது நிலுவை வைத்தன. வேலியே பயிரை மேய்ந்தது. ஆயின், வேலி மேய்ந்ததென்று பக்கத்து வீட்டுக்காரரும் வயலில் இறங்கலாமா? நிதியத்தை அரசிடமிருந்து காக்கவேண்டியவர்கள் ஊழியர்களே. பெயரே பதியப்படாத ஊழியர் எதனைக் காப்பார்?

இந்தச் சட்டம் யாருடைய கருணையாலும் கிடைத்ததன்று. 1947ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞரான கந்தசாமி பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். அப்போது எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக இருந்து வேலையிழந்தவர் ரி. பி. இலங்கரத்ன. மறு ஆண்டே கண்டித் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். செல்வந்தர் வீட்டுச் சிறுவனுக்கும் ஏழைச் சிறுவனுக்கும் இடையிலான நட்பை ‘அம்ப யஹலுவோ’ என்ற நாவலாக எழுதியவரும் அவரே. அவர் தொழில் அமைச்சராக இருந்தபோதுதான் 1958ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. இனக்கலவரம் நாட்டை எரித்த அதே ஆண்டில் பிறந்த அச்சட்டம், ஊழியரின் இனத்தையோ மொழியையோ கேட்கவில்லை. பின்னர் 2011இல், தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தால் தமது சேமிப்பு பறிபோகுமென்று கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது, ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. கொழும்பு வீதிக் கடைக்காரர் ‘வரி’ என்று தட்டிக்கழிக்கும் தொகையில் இவர்களது இரத்தமும் கலந்திருக்கிறது.

ஆசிரியர்களாகிய நாம் இதில் மௌனம் சாதித்ததற்குக் காரணமுண்டு. அரச ஆசிரியர்களாகிய நமக்கு ஓய்வூதியம் இருக்கிறது. ஆகவே இது பிறர் விவகாரம் என்றிருந்துவிட்டோம். அதனினும் வெட்கத்துக்குரியது ஒன்றுண்டு. நம்மிற் சிலர் நடத்தும் தனியார் கல்வி நிலையங்களில் பணம் வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதும் பிள்ளைக்குச் சேமலாப நிதி உண்டா? கடைக்காரரை நோக்கி நீட்டும் விரலை முதலில் அங்கே நீட்டுவோம்.

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் காரியமன்று. பதினோராம் வகுப்பு மாணவன் பாடசாலையை விட்டு நீங்குமுன் சம்பளச் சீட்டொன்றை வாசிக்கக் கற்கட்டும். வேலையிற் சேரும்போது நியமனக் கடிதமும் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கமும் கேட்டுப் பெறவேண்டுமென்று அறியட்டும். தனியே போக அஞ்சுபவனோடு, அஞ்சுபவளோடு, பழைய ஆசிரியர் ஒருவர் தொழில் அலுவலகத்தின் படியேறட்டும். பேராதனையிற் சட்டமும் வணிகமும் கற்கும் மாணவர்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தத்தம் தோட்டங்களுக்குச் சென்று முறைப்பாடுகளை எழுதிக் கொடுக்கட்டும்.

என் மாணவியின் முறைப்பாட்டை எழுதிக் கையளித்துவிட்டோம். தீர்வு வரும்வரை பின்தொடர்வோம். அவள் கேட்டது தானமன்று, சலுகையன்று. ஏழு ஆண்டுகள் தன் கையால் உழைத்துப் பெற்ற கூலியின் மிச்சத்தையே கேட்டாள். நாளை மாலை அந்த இரும்புக் கதவுகளின் கீழே குனிந்து வருபவர்களும் அதையே கேட்கத் தொடங்கினால், அவர்கள் குனிந்து வரவேண்டிய காலம் நீளாது.