ஒண்ணாம் நம்பர் பொத்தான்

கையில் நாலு காசு சேர்ந்தால் சிலர் நிலம் வாங்குவார்கள். சிலர் நகை வாங்குவார்கள். என்னைப் போன்ற சில துரதிருஷ்டசாலிகள் ஆடியோ ஷோரூம் பக்கம் போவார்கள். அரியர்ஸ் வந்த மறுநாள் நான் போனேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் உண்டு. ஹாலில் டி.வி.க்கு இரு பக்கமும் துவாரபாலகர்கள் மாதிரி நிற்கும். பாட்டு மட்டும் என் செல்போனிலிருந்து புளூடூத்தில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஆபீஸ் போன் வந்தால் பாட்டு செத்துவிடும்.

"இது பாவம் சார். டிகிரி காபியைப் பிளாஸ்டிக் கப்பில் ஊத்திக் குடிக்கிற மாதிரி" என்றார் பக்கத்து சீட் நண்பர். அவர் அக்கவுண்ட்ஸ் பார்ப்பது சம்பளத்துக்காக. மற்றபடி மூச்சு, பேச்சு எல்லாம் ஆடியோதான். "நல்லதா ஒரு ஸ்ட்ரீமர் வாங்கிப் போடுங்க. காது திறந்துக்கும்."

ஸ்ட்ரீமர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு (போன மாதம் வரை நானும் உங்கள் கட்சிதான்): அது ஒரு தபால்காரர். வை-ஃபை வழியாக இன்டர்நெட்டிலிருந்து பாட்டைத் தானே வாங்கி ஆம்ப்ளிஃபையரிடம் கொடுத்துவிடும். செல்போன் வெறும் ரிமோட். 2007-ல் ஸ்காட்லாந்துக் கம்பெனியான லின், யானை விலையில் இப்படி ஒரு பெட்டியை விற்க ஆரம்பித்தது. 2009-ல் சி.டி. பிளேயர் செய்வதையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. எல்லோரும் சிரித்தார்கள். இன்று உங்கள் வீட்டு சி.டி. எல்லாம் எங்கே? மாடியில் காக்கா விரட்டத் தொங்குகின்றன.

இன்னொரு விஷயம். சி.டி.யில் ஒலியை ஒரு செகண்டுக்கு 44,100 தடவை அளந்து எழுதுகிறார்கள். இரண்டு சேனலுக்கும் சேர்த்து செகண்டுக்கு 1,411 கிலோபிட். அவ்வளவையும் அனுப்ப முடியாத காலத்தில் எம்.பி.3 வந்தது. காதுக்குத் தெரியாது என்று சிலதை வெட்டி எறியும். 2001-ல் வந்த ஃபிளாக் அப்படி இல்லை. எம்.பி.3 என்பது சூட்கேஸில் இடம் போதாமல் சட்டையின் கையை வெட்டி வைப்பது. ஃபிளாக் என்பது சட்டையை மடித்து வைப்பது. பிரித்தால் முழுச் சட்டை. ஸ்ட்ரீமர் வாங்குகிறவர்கள் எல்லோரும் தேடுவது இந்த முழுச் சட்டையைத்தான்.

ஷோரூமில் ஏ.சி., மெத்தை சோபா, ஏலக்காய் டீ. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"உங்ககிட்ட டாக் இருக்கா சார்?" என்றார் அங்கிருந்த இளைஞர்.

"இல்லைங்க. எங்க ஃபிளாட்ல நாய் வளர்க்க அனுமதி இல்லை."

அவர் சிரிக்கவில்லை. டாக் என்பது பிட்டுகளை மறுபடி ஒலியாக மாற்றுகிற சில்லு என்று பொறுமையாக விளக்கினார். விசாரித்ததில் என் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே ஒன்று இருப்பது தெரிந்தது. ஆறு வருஷமாக எனக்கே தெரியாமல் வளர்த்து வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுக் காட்டினார். பிறகு 1,80,000 ரூபாய்ப் பெட்டி. ஆஹா! வயலின் வில் நாக்கில் இழைகிறது. மிருதங்கத்தின் தொப்பி வயிற்றில் இறங்குகிறது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பேனாவை எடுத்துவிட்டேன்.

நல்ல வேளை, வாரக் கடைசியில் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். செக் கொடுத்துவிட்டுக் குழந்தை மாதிரி மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். என் மச்சினனிடம் 15,000 ரூபாயில் வாங்கிய ஒரு சின்ன ஸ்ட்ரீமர் இருந்தது. அதையும் இரவல் வாங்கினேன், வித்தியாசத்தை மனைவிக்கு நிரூபிக்க.

அவள் பேங்க்கில் வேலை பார்ப்பவள். எதையும் ஆடிட் பண்ணாமல் விடமாட்டாள். இரண்டையும் ஆப்டிகல் ஒயரில் ஆம்ப்ளிஃபையரில் மாட்டச் சொன்னாள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். "திரும்பி உக்காருங்க. பத்து தடவை மாத்துவேன். எது விலை ஜாஸ்தின்னு சொல்லுங்க."

அதே பாட்டு, அதே வால்யூம். சொன்னேன். மகன் நோட்டில் குறித்தான். பத்தில் ஐந்து சரி.

"பாதிக்குப் பாதி! பரவாயில்லையே" என்றேன்.

"ஒரு ரூபாயைச் சுண்டிப் போட்டாலும் பத்துக்கு அஞ்சு வரும்ங்க" என்றாள்.

ஷோரூமில் அழுதேனே, அது? நண்பரைக் கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நானே படித்துப் பார்த்தேன். காது ஒரு அசட்டு உறுப்பு. இரண்டில் எது துளி சத்தமாக ஒலிக்கிறதோ, அதையே 'தெளிவு' என்று நினைத்துக்கொள்ளும். வால்யூமைச் சமமாக்காமல் எந்தப் பெட்டியையும் ஒப்பிடக் கூடாது. இது முதல் பாடம். தவிர, தபால்காரர் சைக்கிளில் வந்தாலும் காரில் வந்தாலும் கடிதத்தில் இருப்பது அதேதான். நெட்வொர்க்கில் ஒரு பிட் தவறினால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்கிற ஏற்பாடு உண்டு. விலை உயர்ந்த பெட்டியின் விலையில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் டாக்கும் வெளியே இருக்கும் அலுமினியமும். டாக் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் கிரைண்டர் இருக்கும்போது இன்னொரு கிரைண்டர் எதற்கு?

'ஹை-ரெஸ்' என்று சி.டி.யை மிஞ்சிய ரகம் ஒன்று விற்கிறார்களே? 2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் அதைச் சோதித்தார்கள். ஹை-ரெஸ் டிஸ்க்கை அப்படியே ஒரு தடவை, சி.டி. தரத்துக்கு இறக்கி ஒரு தடவை, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களில் ரெக்கார்டிங் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. 554 தடவையில் 276 சரி. காசைச் சுண்டியிருந்தால் 277. என் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டவில்லை. அவள் முகத்தைத் தாங்க முடியாது.

இவ்வளவையும் அம்மா ஓரமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வயது 78. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

"ஏண்டா, இதுல ரேடியோ வருமா?"

"உலகத்துல இருக்கிற அத்தனை ஸ்டேஷனும் வரும்மா."

"எப்படிப் போடறது?"

"போன்ல இந்த ஆப்பைத் திறந்து..."

"எனக்கு எதுக்குடா ஆப்பு?" என்றாள். கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்தாள். "அப்பா ரேடியோ ரிப்பேர் ஆனதிலேருந்து பகல்ல பாட்டே கேக்கறதில்லை. மூணு வருஷம் ஆச்சு. நீ வந்தாத்தான் இந்த வீட்டுல பாட்டு."

குறையாகச் சொல்லவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது குரலைக் கேட்டுக்கொண்டே எனக்குத் தலை பின்னாத குறையாக வளர்த்தவள். எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று நான் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்ட வீட்டில், அவளுக்கு ஒலியே இல்லை.

1,80,000 பெட்டிக்கு ரிமோட் உண்டா என்று ஷோரூமுக்குப் போன் செய்தேன். "தனியா வாங்கணும் சார்" என்றார்கள். மச்சினனின் பெட்டியோடு சோப்பு சைஸில் ஒன்று வந்திருந்தது. அதில் 1, 2, 3, 4 என்று நாலு பொத்தான். எந்தப் பொத்தானுக்கு எந்த ஸ்டேஷன் என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும்.

திங்கட்கிழமை செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதே சின்னப் பெட்டியில் ஒன்று புதிதாக வாங்கினேன்.

நீங்களும் வாங்கப் போகிறீர்கள் என்றால் நான் கற்றதைச் சொல்கிறேன். பாட்டுக்கு நீங்கள் சந்தா கட்டுகிற சர்வீஸ் அந்தப் பெட்டியில் நேரடியாக வருமா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது, ஒரு கச்சேரி ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாருங்கள். ஆலாபனை முடிந்து கிருதி தொடங்குகிற இடத்தில் ஒரு நொடி விக்கினால் அந்தப் பெட்டி வேண்டாம். மூன்றாவது, ஆப்பில் தியாகராஜரைத் தேடுங்கள். இங்கிலீஷில் 'டி' போட்டால் ஒருவர், 'டி.எச்.' போட்டால் வேறொருவர் என்று காட்டினால், ஆயுள் முழுக்க ஸ்பெல்லிங் டெஸ்ட் எழுதத் தயாராகுங்கள். நாலாவது, கம்பெனி எத்தனை வருஷம் சாஃப்ட்வேரைக் கவனிக்கும்? ஸ்க்வீஸ்பாக்ஸ் என்று ஒரு பிரமாதமான பெட்டி இருந்தது. 2006-ல் லாஜிடெக் அதை வாங்கி, 2012-ல் தயாரிப்பை நிறுத்தியது. 2024-ல் அதன் இன்டர்நெட் சேவையையும் மூடிவிட்டது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் ஆள் இல்லை. ரசிகர்கள் தாங்களே சாஃப்ட்வேர் எழுதிக் காப்பாற்றி வருகிறார்கள். உங்களுக்கு அதற்கு நேரம் உண்டா?

மிச்சப் பணம்? ஹாலில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். டங்கென்று எதிரொலித்தது. வெறும் சுவர், வெறும் தரை. கனமான திரைச்சீலையும் ஒரு ஜமக்காளமும் போட்டதில், எந்தப் பெட்டியாலும் வராத வித்தியாசம் வந்தது. திரைச்சீலை வேண்டும் என்று மனைவி நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது தற்செயல்.

"என்ன சார், சவுண்ட் ஸ்டேஜ் எப்படி இருக்கு?" என்றார் பக்கத்து சீட் நண்பர். சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நேற்று மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்க அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தாள். பின்னால் ஏதோ பழைய பாட்டு, ஹால் முழுக்க.

"அம்மா, மாத்திரை..."

"அப்புறம் பேசறேண்டா. சரணம் வந்துடுத்து" என்று வைத்துவிட்டாள்.