புளி எவ்வளவு ஆச்சி?

ஹாஸ்டல் மெஸ்ஸில் மீன் குழம்பு போடுற அன்னைக்கு தூத்துக்குடி பசங்க மூஞ்சியைப் பார்க்கணுமே! குழம்பைப் பார்ப்பாங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க, அப்புறம் அமைதியா ரசத்துக்குப் போயிடுவாங்க. நானும் அந்த கோஷ்டிதான் பாஸ்.

அதனாலதான் தனி ரூம் எடுத்ததும் முதல் போன் ஆச்சிக்கு. "ஆச்சி, சாளைக் குழம்புக்குப் புளி எவ்வளவு?"

"உள்ளங்கையில வச்சுப் பாரு, தெரியும்."

"உப்பு?"

"ஏல, உப்பளத்து ஊர்ல பொறந்துட்டு உப்பு கேக்கான் பாரு!"

அவ்ளோதான் ரெசிப்பி! அன்னைக்கு வந்த குழம்பை ரூம்மேட் 'வித்தியாசமா இருக்கு மச்சி'ன்னு சொன்னான். நட்பு வாழ்க.

சரி, புத்தகம் பார்த்துக் கத்துக்கலாம்னு கடைக்குப் போனேன். செட்டிநாடு இருக்கு, கொங்கு இருக்கு. எங்க கரை? ம்ஹூம். ஒரு புத்தகத்துல வஞ்சிரம் குழம்பு இருந்துச்சு. எங்க ஊர்ல அதுக்குப் பேர் சீலா. பேர்லயே அந்நியமாயிட்டா, ருசி எப்படி வரும்?

இந்த மேட்டர்ல கில்லாடிங்க அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள். கார் வாங்க மாட்டாங்க, குதிரை வண்டிதான். வீட்டுக்குள்ள கரண்ட் கம்பி வராது. ஆனா சமையல் புத்தகம் மட்டும் ஊர் ஊரா போடுவாங்க! ஊர்ப் பெண்கள் ரெசிப்பி எழுதித் தருவாங்க. கீழே அவங்க பேர். சுருள் கம்பி போட்டு பைண்ட் பண்ணி, பல இடங்கள்ல அதை வித்த காசுல பள்ளிக்கூடம் நடத்துறாங்க.

அவங்க பங்காளிகள் மாதிரி மென்னோனைட்டுகள். அதுல மேரி எம்மா ஷோவால்ட்டர்னு ஒருத்தர், அம்மாக்களோட கையெழுத்து நோட்டுகளைப் பொண்ணுங்க ஓரங்கட்டிட்டு கடைப் புத்தகம் வாங்குறதைப் பார்த்துட்டுப் பதறிப் போய், ரெசிப்பிகளைச் சேகரிச்சார். 1950-ல் புத்தகமா வந்துச்சு, 1,100 ரெசிப்பிக்கும் மேல. அதுல ஒரு லிஸ்ட் செம! ஊரே கூடி ஒருத்தருக்குக் களஞ்சியம் கட்டித் தர்ற அன்னைக்கு 175 ஆம்பளைங்களுக்கான சாப்பாடு: 115 லெமன் பை, 500 டோநட், 16 கோழி... நம்ம பக்கத்து சர்ச் அசனத்தை யாராவது இப்படிக் கணக்கு எழுதி வச்சிருக்காங்களா? எத்தனை மூட்டை அரிசிக்கு எத்தனை கிடாங்கறது பெரும்பாலும் அந்த சமையல் மாஸ்டர் மண்டைக்குள்ளதான்.

தமிழ்லயும் எழுதினவங்க உண்டு. 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்' வந்துச்சு. சொந்தக்காரங்க கேட்டுக் கேட்டே புத்தகமானது. கல்யாணப் பொண்ணுக்குச் சீரோட சேர்த்துக் கொடுத்தாங்க. ஆனா அது சுத்த சைவம். சாளைக்கு அங்கே இடமில்லை.

நம்ம மக்ரூன் தப்பிச்சிடுச்சு. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு. பேக்கரியில விக்குதே, கவலையில்ல. விக்காத அயிட்டங்கள் கதி? கூனிப் பொடி, கருவாட்டுக் குழம்பு, கொழுப்பு ஏறின சாளைன்னா புளியைத் தூக்கலா போடுற கணக்கு? பாண்டியரின் முத்துத் துறைமுகமா இருந்த கொற்கை இன்னைக்குக் கடலைத் தொடாத ஒரு கிராமம். கடல் என்ன சொல்லிட்டா பின்வாங்குச்சு?

போன லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு நோட்டும், கிச்சன் தராசும் எடுத்துட்டுப் போனேன். ஆச்சி புளியைச் சட்டியில போடப் போன நேரம் கையைப் பிடிச்சு நிறுத்தி, தராசுல வச்சேன். 30 கிராம். எழுதிக்கிட்டேன். மறுநாளும் அதே சாளை, அதே சட்டி. 40 கிராம்!

"என்ன ஆச்சி, கணக்கு மாறுது?"

"நேத்து தக்காளி நல்ல புளிப்பு. இன்னைக்குச் சப்புனு கெடக்குல்லா."

ரெண்டையும் எழுதினேன், தக்காளி விவரத்தோட. அப்புறம் ஆமிஷ் ஸ்டைல்ல கீழே ஆச்சி பேரையும் போட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எட்டிப் பார்த்தா. "எம்பேரு எதுக்குல? இது எங்கம்மா வைக்கிற கொழம்பு. அவ பேரைப் போடு."